தொண்டிக் கடற்கரையும் பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களும்: ஒரு தேர்வின் வரலாறு

பிரித்தானியாவில் 1945-க்கும் 1980-க்கும் இடையில் உருவான இரண்டு இருக்கைத் திறந்த கார்கள் இன்று உலகெங்கும் பழம்பொருளாகப் போற்றப்படுகின்றன. எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார், லோட்டஸ் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள் பல உண்டு. வேகம், அழகு, விலை என்ற வரிசையில்தான் அவை பெரும்பாலும் விடை சொல்கின்றன. தமிழகக் கடற்கரையில் இந்த வரிசை மாறுகிறது. இங்கே உப்புக்காற்றும், மெக்கானிக்கின் கைப்பழக்கமும், உதிரிப்பாகமும் முன்னால் வருகின்றன. இந்தக் கார்களின் இன்ஜின்களுக்கும் சட்டகங்களுக்கும் சென்னையில் ஒரு நேரடி உறவுமுறை இருந்தது என்பதால், இது தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றோடும் சேர்ந்த கேள்வியாகிறது.

தொண்டி: இடமும் சாலையும்

இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில் பாக்கு நீரிணையை ஒட்டி அமைந்த பழைய துறைமுக ஊர் தொண்டி. மேற்குக் கரையில் சேரர்க்குரிய தொண்டி ஒன்று இருந்ததால், இதைப் பாண்டிநாட்டுத் தொண்டி என்று பிரித்துச் சொல்வது வழக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூர் வழியே செல்கிறது. கொச்சியில் தொடங்கி மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 85 இங்கேதான் முடிகிறது. அரபிக் கடலருகே தொடங்கும் சாலை ஒன்று மலையேறி இறங்கி வங்கக் கடலோரம் வந்து நிற்கிறது என்று பார்த்தால், ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர் விரும்பத்தக்க வழி இது.

ஆனால் இந்தப் பகுதியில் மோட்டார் போக்குவரத்து மெதுவாகவே பரவியது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கியது தென்தமிழகத்தின் மோட்டார் வரலாற்றில் முக்கியத் திருப்பம். அதன் பிறகும் இராமேஸ்வரம் தீவுக்குக் கார் ஓட்டிச் செல்ல வழியில்லாமலே இருந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் மட்டுமே தீவையும் கரையையும் இணைத்தது. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. அதாவது பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் காலம் முழுவதும் தொடங்கி, வளர்ந்து, 1980-இல் முடிந்துபோன பிறகே இராமேஸ்வரத்துக்குச் சாலை வந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் என்ற எண்ணம்

விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது எம்.ஜி. நிறுவனம். ஆக்ஸ்போர்டில் இருந்த மாரிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையத்தின் பெயர்ச்சுருக்கம்தான் எம்.ஜி. அதன் மேலாளர் செசில் கிம்பர், சாதாரண மாரிஸ் கார்களின் சட்டகத்தில் இலகுவான உடலைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். விலையுயர்ந்த தனி இன்ஜின் இல்லை. குடும்பக் காருக்கான இன்ஜினே இங்கும் வேலை செய்தது. 1928-இல் வெளிவந்த எம்.ஜி. மிட்ஜெட் இந்த வழியை உறுதிப்படுத்தியது.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி மூன்றும் இதே சூத்திரத்தைப் பின்பற்றின. குடும்பக் காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் ஆகியவற்றை எடுத்து, தாழ்ந்த உடலில் இரண்டு பேர் உட்காரும்படி அமைத்தன. ஜாகுவார் மட்டும் தனக்கென்று ஓர் உயர்தர இன்ஜினை உருவாக்கியது. இந்த வேறுபாடு வாங்குபவருக்கு மிக முக்கியமானது. குடும்பக் காரின் உறுப்புகளால் ஆன ஸ்போர்ட்ஸ் காரை, குடும்பக் காரைப் பழுதுபார்க்கத் தெரிந்த எந்தப் பட்டறையிலும் விடலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய அரசு அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதியை வற்புறுத்தியது. ஏற்றுமதி செய்பவர்களுக்கே எஃகு ஒதுக்கீடு எளிதாகக் கிடைத்தது. அதனால் இந்தக் கார்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற எம்.ஜி.பி. காரில் பெரும்பாலானவை இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ளவை. வலப்பக்க ஸ்டீயரிங் தேவைப்படும் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் வாங்குபவரின் தேர்வு இதனால் இன்னும் சுருங்குகிறது.

சென்னைக்கு வந்த பிரித்தானியக் கார்கள்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் சென்னை ஒரு பிரித்தானியக் கார் நகரமாக உருவெடுத்தது. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. பின்னர் லாரிகளுக்கு மாறி 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டாக வான்கார்டு கார்களையும், பிறகு ஸ்டாண்டர்டு டென் முதலிய சிறு கார்களையும் தயாரித்தது. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள்கள் உருவாயின.

1953-இல் வரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற மைய அரசு, உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இடமுண்டு என்று முடிவெடுத்தது. வெறுமனே பூட்டி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. முழுதாகச் செய்த கார்களின் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. டிரையம்ப் டி.ஆர்.2 வெளியான ஆண்டும் இதுவே. பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் பொற்காலம் தொடங்கிய அதே நேரத்தில் இந்தியாவின் கதவு மூடப்பட்டது.

இதன் விளைவு, அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டில் கார் வாங்க நினைத்தவரின் தேர்வு மூன்றாகச் சுருங்கியது: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவற்றுக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே நாட்டுக்குள் வந்திருந்த சில எம்.ஜி.க்களும் ஜாகுவார்களும் கைமாறிக் கைமாறிச் சோழவரம் பந்தயக் களத்துக்கு வந்தன. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் அதைக் கடைந்தும் வார்த்தும் செய்துகொள்ளும் பட்டறைத் திறமை சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வளர்ந்ததற்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

ஒரே இன்ஜின், இரண்டு வாழ்க்கை

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய கார்களுக்கும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இருந்த இரத்த உறவை மூன்று எடுத்துக்காட்டுகளில் காணலாம்.

முதலாவது, அம்பாசடர். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த இந்தக் காருக்கு 1959 முதல் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசை இன்ஜின், 1,489 சி.சி. அளவில் பொருத்தப்பட்டது. 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. காரிலும் இருந்தது அதே குடும்பத்தின் அதே 1,489 சி.சி. இன்ஜின்தான், இரட்டைக் கார்புரேட்டரும் உயர்ந்த அழுத்தமும் அதன் திறனைக் கூட்டின. பின்னர் 1,798 சி.சி.யாக வளர்ந்து 1962-இல் எம்.ஜி.பி.யின் இன்ஜின் ஆனதும் இந்தக் குடும்பமே. தேவகோட்டையிலோ இராமநாதபுரத்திலோ அம்பாசடர் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக், தாம் அறியாமலேயே எம்.ஜி. இன்ஜினைக் கற்றுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டின் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. மற்ற நிறுவனங்கள் சட்டகமும் உடலும் ஒன்றான ஒற்றைக்கூட்டு அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு மட்டும் தனிச் சட்டகத்தின் மேல் போல்ட்டால் முடுக்கிய உடலோடு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்ய முடியாததால், பகுதி பகுதியாகச் செய்து பூட்டும் வழியை ஸ்டாண்டர்டு தேர்ந்தெடுத்தது. பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கும் அது வசதியாக அமைந்தது. 1961-இல் வண்டலூரில் ஹெரால்டு உருவாகத் தொடங்கியது. வேறெங்கும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு பின்னர் இந்தியாவில் மட்டுமே வந்தது.

இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கி, 1,147 சி.சி. இன்ஜினோடு, மிக்கெலோட்டி வரைந்த மற்றோர் உடலைப் பொருத்தியதுதான் 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். அது 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பது இரண்டுக்கும் பொது. மெக்கானிக் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம். மிகக் குறுகிய இடத்தில் திரும்பும் திறனும் இரண்டுக்கும் பொது. குறையும் பொதுவானதே: பின்சக்கரங்களின் ஊசல் ஆக்சில் அமைப்பு வளைவில் வேகமாகத் திரும்பும்போது சக்கரத்தை உள்ளே மடக்கிவிடும். ஸ்பிட்ஃபயரில் 1970-இல் பின் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இதைச் சரிசெய்தார்கள். இந்தியாவில் 1972-இல் ஹெரால்டுக்கு மாற்றாக வந்த கெஸல் காரில் சாதாரணத் திட ஆக்சிலே வைக்கப்பட்டது.

மூன்றாவது, வான்கார்டு இன்ஜின். நான்கு சிலிண்டர், கழற்றக்கூடிய ஈர உறைகள் கொண்ட இந்த இன்ஜின் ஸ்டாண்டர்டு வான்கார்டு காரிலும் ஃபெர்குசன் டிராக்டரிலும் பயன்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. 1,991 சி.சி.யாகக் குறைக்கப்பட்டு 1953-இல் டிரையம்ப் டி.ஆர்.2 காருக்குச் சென்றபோது 90 குதிரைத்திறன் தந்தது. மணிக்கு 160 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. இதே 1,991 சி.சி. இன்ஜினின் வழித்தோன்றல், 1985-இல் வண்டலூரில் வெளியான ஸ்டாண்டர்டு 2000 காரில் மீண்டும் தோன்றியது. ரோவரின் நவீன உடலுக்குள் முப்பது ஆண்டுப் பழைய இன்ஜின். எடைக்கேற்ற வேகமும் இல்லை, எரிபொருள் சிக்கனமும் இல்லை. மாருதி 800 சந்தையைப் பிடித்துவிட்ட நேரம் அது. 1988-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஒரு காலத்தில் பந்தயங்களில் வென்ற இன்ஜின் குடும்பம் தமிழ்நாட்டில் அடைந்த முடிவு இது.

இன்ஜின்களோடு துணைத் தொழில்களும் வந்தன. பிரித்தானியக் கார்களின் மின்கருவிகளைச் செய்த லூகாஸ் நிறுவனம் 1961-இல் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியது. 1962-இல் பிரேக்ஸ் இந்தியா தோன்றியது. சென்னை பாடி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு ஒரு தூரத்து உறவு போலானது.

தேர்வுக்கு நிற்கும் கார்கள்

எம்.ஜி. டி.சி. (1945–1949): மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய உடல், கம்பிச் சக்கரங்கள், மடக்கும் முன்கண்ணாடி. சுமார் 10,000 மட்டுமே உருவானவை. போருக்கு முந்தைய தோற்றத்தை விரும்புபவர்களுக்கு ஏற்றது. இதன் இன்ஜினில் மறைகள் மெட்ரிக் அளவிலும், நட்டுகளின் தலை விட்வொர்த் அளவிலும் இருப்பது ஒரு விநோதம். சாதாரண ஸ்பேனர் செட் பொருந்தாது. ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் மரச்சட்டம் உளுத்துப்போகும் ஆபத்தும் உண்டு.

எம்.ஜி.ஏ. (1955–1962): தனிச் சட்டகம், வளைந்த அழகிய உடல், அம்பாசடருக்கு உறவான இன்ஜின். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் உருவானவை. அவற்றுள் இரட்டைக் கேம் தண்டு கொண்ட வகை வேகமானது, ஆனால் பிஸ்டன் கருகும் பெயர் பெற்றது. புதியவர் தவிர்க்க வேண்டியது அது.

எம்.ஜி.பி. (1962–1980): ஒற்றைக்கூட்டு உடல், முன்பக்க டிஸ்க் பிரேக், 95 குதிரைத்திறன். உலகில் இன்று மிக எளிதாக உதிரிப்பாகம் கிடைக்கும் பழைய கார்களுள் இது ஒன்று. 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடலும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. 1974-இன் பிற்பகுதி முதல் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பரும் உயர்த்திய உடலும் வந்தன. அதனால் அழகும் வளைவு நிலைப்பும் குறைந்தன என்று ரசிகர்கள் குறைசொல்வார்கள்; விலையும் அதற்கேற்பக் குறைவு.

டிரையம்ப் டி.ஆர். வரிசை (1953–1976): டி.ஆர்.2 முதல் டி.ஆர்.6 வரை எல்லாம் தனிச் சட்டகம் கொண்டவை. 1956-இல் டி.ஆர்.3 முன்பக்க டிஸ்க் பிரேக்கைப் பெற்றது. பெருமளவில் தயாரான பிரித்தானியக் கார்களுள் இது முன்னோடி. டி.ஆர்.5, டி.ஆர்.6 ஆகியவை ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்டவை. பிரித்தானியச் சந்தைக்கு வந்த இவற்றில் இருந்த இயந்திர எரிபொருள் தெளிப்பு முறையைச் சரிசெய்யத் தெரிந்தவர் இந்தியாவில் மிகச் சிலரே.

ஆஸ்டின்-ஹீலி: 1952 லண்டன் கண்காட்சியில் டொனால்டு ஹீலி காட்டிய காரைப் பார்த்து, ஆஸ்டின் தலைவர் லெனர்டு லார்டு அப்போதே கூட்டு ஒப்பந்தம் பேசினார் என்பது மோட்டார் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. பெரிய ஹீலி, 1959 முதல் 3000 என்ற பெயரில் ஆறு சிலிண்டரோடு 1967 வரை வந்தது. ஓட்டுபவரின் காலைச் சுட்டெரிக்கும் இன்ஜின் வெப்பம் அதன் அறியப்பட்ட குறை. இங்கிலாந்தின் குளிருக்கே அது சூடு என்றால், இராமநாதபுரத்தின் மே மாத வெயிலில் சொல்ல வேண்டியதில்லை. சிறிய ஹீலியான ஸ்பிரைட் 1958-இல் 948 சி.சி. இன்ஜினோடு வந்தது. உருண்டு நிற்கும் விளக்குகளால் அதற்குத் தவளைக்கண் என்ற செல்லப்பெயர் ஏற்பட்டது.

ஜாகுவார்: 1948-இல் வந்த எக்ஸ்.கே.120, மணிக்கு 120 மைல், அதாவது 193 கி.மீ. வேகத்தைத் தன் பெயரிலேயே வைத்திருந்தது. 1961 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஈ-டைப் 265 குதிரைத்திறன் கொண்டதாகச் சொல்லப்பட்டது. அழகில் இதற்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் வாங்கும் விலையைவிடப் பராமரிப்புச் செலவே பெரிது. பின்பக்க டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் ஆக்சில் நடுவில் இருப்பதால், அவற்றைச் சீராக்குவதே ஒரு பெரிய வேலை.

லோட்டஸ் இலான் (1962–1973): காலின் சாப்மன் உருவாக்கியது. முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டகத்தின் மேல் கண்ணாடி இழை உடல். உடல் துருப்பிடிக்காது என்பது கடற்கரைக்கு நல்ல செய்தி. உள்ளே மறைந்திருக்கும் சட்டகம் துருப்பிடிப்பதை அந்த உடலே மறைத்துவிடும் என்பது கெட்ட செய்தி.

உப்புக்காற்றும் எஃகும்

பழைய காரை வாங்குபவர் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றி. அனுபவப்பட்டவர் முதலில் பார்ப்பது உடலின் அடிப்பகுதியை. இன்ஜினை எந்த ஊரிலும் புதுப்பிக்கலாம். உளுத்த எஃகைப் புதுப்பிப்பது அதைவிடப் பலமடங்கு செலவு.

இந்தக் கார்கள் உருவான காலத்தில் துருத்தடுப்பு முறைகள் எளிமையானவை. குழிவான பகுதிகளின் உட்புறம் பெரும்பாலும் வண்ணம் காணாமலே போனது. இங்கிலாந்தில் குளிர்காலச் சாலைகளில் பனி உருகத் தூவும் உப்பு அவற்றை அரித்தது. தொண்டியில் அந்த வேலையைக் கடற்காற்று ஆண்டு முழுவதும் செய்கிறது. காற்றிலுள்ள உப்புத்துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் எஃகு நனைந்தே இருக்கிறது. கதவுக்கடியில் ஓடும் பெட்டித் தகடுகள், தரைத்தகடு, சக்கரக் குடையின் உட்புறம், பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டும் இடம் ஆகியவை முதலில் போகும்.

இங்கேதான் தனிச் சட்டகத்துக்கும் ஒற்றைக்கூட்டு உடலுக்கும் உள்ள வேறுபாடு உயிர்நாடியாகிறது. எம்.ஜி.பி.யில் கதவடித் தகடுகளே காரைத் தாங்குகின்றன. அவை உளுத்தால் கார் நடுவில் தொய்ந்து, கதவு மூட மறுக்கும். மேலே ஒரு தகட்டை ஒட்டி வண்ணம் பூசி விற்கப்படும் காரில் இந்த நோய் மறைந்திருக்கும். கதவைத் திறந்து மூடி, அதன் இடைவெளி மேலும் கீழும் சமமாக உள்ளதா என்று பார்ப்பது எளிய சோதனை. தரையில் காந்தத்தை வைத்துப் பார்ப்பது இன்னொன்று. புட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர், டி.ஆர். போன்றவற்றில் உடலைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டகத்தைத் தனியே வெல்டிங் செய்யலாம். மீன்பிடி விசைப்படகுகளுக்கு வெல்டிங் செய்யும் கடற்கரைப் பட்டறைக்கு இது கைவந்த வேலை.

நீரிணைக்கு அப்பால்

தொண்டியின் எதிர்க்கரையில் இந்தக் கேள்விக்கு வேறொரு விடை கிடைத்தது. இந்தியாவைப் போல இலங்கை தன் சொந்தக் கார் தொழிலை வளர்க்கவில்லை. பிரித்தானிய ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னரும் ஆஸ்டின், மாரிஸ் கார்கள் அங்கே நிறைய இறங்கின. பின்னாளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது, வந்தவற்றைக் காப்பாற்றியே ஓட்ட வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40, மாரிஸ் மைனர் ஆகியவை வாடகைக் கார்களாகப் பல பத்தாண்டுகள் ஓடின.

1990-களில் போரின்போது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெட்ரோல் கிடைப்பது அரிதானது. அப்போது கார்களைச் சில சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளிகளை ஏற்றிச் சென்றதும் இந்தக் கார்கள்தான். இதற்கு ஒரு இயந்திரவியல் காரணம் உண்டு. போருக்குப் பிந்தைய தரம் குறைந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட பழைய பிரித்தானிய இன்ஜின்களின் அழுத்த விகிதம் சுமார் 7 மட்டுமே. எண்ணெய் தரம் குறைந்தாலும் அவை பெரிதாகத் தட்டுவதில்லை. ஃபெர்குசன் டிராக்டரின் ஒரு வகையே மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடும்படி விற்கப்பட்டது. நவீனக் கணினிக் கட்டுப்பாட்டு இன்ஜின் ஒன்று இந்த நிலையில் அசைந்திருக்காது.

பழைய கார் என்றால் செல்வந்தரின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை இந்த வரலாறு திருத்துகிறது. எளிய அமைப்பு, கையால் பிரித்துப் பூட்டக்கூடிய உறுப்புகள், தரம் குறைந்ததையும் தாங்கும் இயல்பு ஆகியவை அந்த மண்ணில் பிழைப்புக்கான பண்புகளாக இருந்தன.

இன்றைய சட்டமும் எரிபொருளும்

இந்தியாவில் 2021-இல் பழம்பெரும் வாகனங்களுக்கான தனிப் பதிவு விதிகள் அறிவிக்கப்பட்டன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அடிப்படை அமைப்பு மாற்றப்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இதற்குள் வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்த முடியாது. தினமும் மதுரைக்குப் போய்வர ஒரு கார் வேண்டும் என்பவர் இந்த விதியை முதலிலேயே எண்ணிப்பார்க்க வேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டு முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. ஈயத்தின் பாதுகாப்பை நம்பியிருந்த பழைய வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தால் மாற்ற வேண்டும். இப்போதைய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் இளக்கும். ஈரத்தை இழுத்துத் தொட்டியைத் துருவாக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் காரில் இந்தச் சேதம் அதிகம்.

எதைத் தேர்வது

வரலாற்றின் அடிப்படையில் பார்த்தால், தென்தமிழகக் கடற்கரையில் ஒருவர் பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரைத் தேர்வதற்கு மூன்று அளவுகோல்கள் தெளிவாகின்றன. அதன் இன்ஜினுக்கு இந்நாட்டில் உறவு இருக்கிறதா? அதன் எஃகைக் கழற்றிப் பழுதுபார்க்க முடியுமா? அதன் உதிரிப்பாகம் இன்றும் உலகில் எங்காவது தயாராகிறதா?

மூன்றுக்கும் ஒருசேர விடை சொல்பவை எம்.ஜி.ஏ.யும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும். முன்னதன் இன்ஜின் அம்பாசடர் தெரிந்தவருக்குப் புதிதல்ல. பின்னதன் சட்டகம் ஹெரால்டு தெரிந்தவருக்குப் புதிதல்ல. இரண்டும் தனிச் சட்டகம் கொண்டவை. எம்.ஜி.பி. உதிரிப்பாகத்தில் அவற்றை வெல்கிறது. ஆனால் கடலோரத்தில் நிறுத்துவதென்றால் அதன் அடித்தகடுகளை ஆண்டுதோறும் கழுவி, உள்ளே மெழுகு பூசிக் காக்க வேண்டும். டி.ஆர்.3 விலை கூடியது, உறுதியானது. ஈ-டைப்பும் பெரிய ஹீலியும் கண்ணுக்கு விருந்து. உப்புக்காற்றுக்கும் அவை விருந்தே. ஐந்து அங்குல அளவே தரையிடைவெளி கொண்ட இந்தக் கார்கள் எல்லாவற்றுக்கும் நம் ஊர் வேகத்தடைகள் பொதுப் பகை.

ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவருக்கு நான்காவது வழி ஒன்றும் உண்டு: வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வலப்பக்க ஸ்டீயரிங், நான்கு பேர் உட்காரும் இடம், ஸ்பிட்ஃபயரின் எலும்புக்கூடு ஆகியவற்றோடு, இந்த மண்ணில் செய்யப்பட்டது என்ற வரலாறும் அதற்கு உண்டு. கோயம்புத்தூரின் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களும் சென்னையின் பழங்கார் ஆர்வலர் குழுக்களும் இத்தகைய வாகனங்கள் மேல் மீண்டும் கவனத்தைத் திருப்பியுள்ளன.

எந்தக் காரைத் தேர்ந்தாலும் குறைந்துகொண்டே வருவது ஒன்று உண்டு. 1983-இல் மாருதி வந்த பிறகு பட்டறைகளில் அங்குல ஸ்பேனர்கள் மூலைக்குப் போயின. 2014-இல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. கார்புரேட்டரின் ஓசையைக் கேட்டே காற்றும் எண்ணெயும் கலக்கும் அளவைச் சரிசெய்யத் தெரிந்த தலைமுறை ஓய்வுபெற்றுவருகிறது. உதிரிப்பாகத்தைக் கப்பலில் வரவழைக்கலாம். அந்தக் கைப்பழக்கத்தை வரவழைக்க முடியாது. ஆகவே பழைய கார் வாங்க எண்ணுபவர் காரைத் தேடுவதற்கு முன், அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கைத் தேடுவதும், அவர் அருகே ஓர் இளைஞரைக் கற்றுக்கொள்ள வைப்பதும் முதல் வேலையாகின்றன.